பாரிட் ராஜாவுக்கு ஒரு புறாக் குஞ்சுடன்

குளுவாங் என்ற பெயர் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஜொகூர் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வௌவாலின் பெயரைச் சுமக்கும் பட்டணத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வாத்தியார் வேலை பார்க்கும் நான், ஒரு புறாக் குஞ்சை பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய கதை இது.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு பையன். அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். குலையை இறக்க வேண்டுமானால் அதைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் வெட்ட வேண்டும். அப்படி ஒரு மட்டை விழுந்தபோது அதோடு ஒரு கூடும் விழுந்தது. கூடு என்று சொல்வதே அதிகம். பத்துப் பன்னிரண்டு காய்ந்த புற்களைக் கையால் அள்ளி வைத்தாற்போல இருக்கும். உள்ளே இரண்டு மெர்போக் குஞ்சுகள். மனிதர் அவற்றைத் தம் தொப்பியில் போட்டு லயத்துக்குக் கொண்டுவந்து மகனிடம் கொடுத்துவிட்டார்.

மெர்போக் என்பது நம் தோட்டங்களில், பள்ளித் திடலில், கோயில் வாசலில் தலையை ஆட்டி ஆட்டி நடந்து தானியம் பொறுக்குமே, கழுத்தில் வரி வரியாகக் கோடு போட்ட அந்தச் சின்னப் புறாதான். ஒரு சாண் நீளம் இருக்கும். மலாயாவும் சுமத்திராவும் ஜாவாவும் அதன் சொந்த ஊர். 1922இல் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயும் பெருகிவிட்டது. நம்மைப் போலவே மொரீஷியசுக்கும் கப்பல் ஏறிய பறவை அது.

மறுநாள் காலை பையன் பிஸ்கட் டின்னோடு வகுப்புக்கு வந்தான். ஒரு குஞ்சு ஏற்கெனவே இறந்திருந்தது.

"என்னப்பா கொடுத்தே?" என்று கேட்டேன்.

"பால் சார். மருந்து ஊத்துற குழாயில வாய்க்குள்ள விட்டேன். அம்மா தங்கச்சிக்குக் கொடுக்கிற பால்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் வயதில் நானும் இதே வேலையைச் செய்து, இதே போல ஒரு குஞ்சைக் கொன்றவன். கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அது ஏன் இறந்தது என்று அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பயிற்சிக் கல்லூரியிலும் அதைச் சொல்லித் தரவில்லை. மீதமிருந்த குஞ்சு டின்னின் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாரிட் ராஜா பக்கத்தில் மெர்போக் வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருப்பதாக எங்கள் பள்ளித் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அன்று மதியமே பையனின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு அவனையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

குளுவாங்கிலிருந்து ஆயர் ஹீத்தாமுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பஸ்களெல்லாம் இங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் போகும். சாலையோரத்தில் பூச்சாடிகளும் ஜாடிகளும் அடுக்கிய மண்பாண்டக் கடைகள் இன்றும் இருக்கின்றன. அன்றைக்கு எதையும் நின்று பார்க்க மனம் இல்லை. ஆயர் ஹீத்தாமைத் தாண்டி பத்து பகாட் சாலையில் திரும்பினால் தரை தட்டையாகிவிடும். மேடு பள்ளம் ஒன்றும் இல்லை. வாய்க்கால், தென்னை, செம்பனை, மறுபடியும் வாய்க்கால். பாரிட் என்றால் வாய்க்கால்தான். ஜாவாவிலிருந்து வந்த மக்கள் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, அந்த வாய்க்காலின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். பாரிட் ராஜாவில் இப்போது துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருப்பதால் கடைத்தெரு முழுக்க மாணவர் கூட்டம். அதைத் தாண்டி ஒரு கம்பத்துச் சாலையில் நடந்தால் பழைய ஜொகூர் அப்படியே இருக்கிறது.

பெரியவர் வீட்டு முற்றத்தில் தென்னை உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு, உச்சியில் கூண்டுகளைக் கயிறு கட்டி ஏற்றியிருந்தார். கொடி ஏற்றுவது போலக் காலையில் ஏற்றி, வெயில் தாளாத நேரத்தில் இறக்குவாராம். உயரத்தில், காற்றில், பறவை நன்றாகக் குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்குத்தான் போட்டி. தாய்லாந்தின் யாலாவில் ஆசியான் நாட்டுப் பறவைகளெல்லாம் கூடும் பெரிய போட்டியே நடக்கிறது. சோங்க்லா மாநிலத்துச் சானா என்ற ஊரில் வீட்டுக்கு வீடு மெர்போக் பண்ணை. நல்ல குரலுள்ள ஒரு பறவை பல ஆயிரம் ரிங்கிட்டுக்கு விலை போகும். ஜாவாக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கு உண்டு: ஆண்மகனுக்கு வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் கத்தி, ஒரு பறவை, இந்த ஐந்தும் வேண்டுமாம். மனைவியைக் குதிரையோடு சேர்த்து எண்ணியது எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பெரியவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார்.

"பாக் சிக், இந்தக் குஞ்சு பிழைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே இருக்கும் இரைப்பையை விரலால் தொட்டுப் பார்த்தார். "காலியாக இருக்கிறது சிக்கு. என்ன கொடுத்தீர்கள்?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவனைக் கூண்டருகே அழைத்துப்போய்க் காட்டினார். அங்கே ஒரு மெர்போக் தன் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. மற்றப் பறவைக் குஞ்சுகள் வாயை ஆவென்று திறக்கும், தாய் உள்ளே போடும். புறாக் குஞ்சு அப்படிச் செய்யாது. தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டு உறிஞ்சும். முதல் சில நாட்களில் அதற்குக் கிடைப்பது பெற்றோரின் இரைப்பைச் சுவரில் சுரக்கும் பாலாடை போன்ற ஒன்று. இதில் விசேஷம், தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் அது சுரக்கும். பிறகு ஊறிய தானியம் அதோடு கலந்து வரும். நாம் குழாயால் பாலை ஊற்றினால் அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும். பசுவின் பால் புறாவுக்குச் செரிக்கவும் செரிக்காது. பையன் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு ஜோடிக்கு இரண்டு முட்டையில் ஒன்று பொரிக்கவில்லை; ஏறக்குறைய இதே வயதில் ஒரே குஞ்சுதான் இருந்தது. பெரியவர் எங்கள் குஞ்சைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, தாய்ப்பறவை இரை தின்ன இறங்கிய நேரம் பார்த்துக் கூட்டில் வைத்தார். திரும்பி வந்த பறவை அதை ஒரு கொத்துக் கொத்தியது. பையன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அது இரண்டின் மேலும் உட்கார்ந்துகொண்டது. முட்டையைக் கைவிடும் ஜோடிகளும் உண்டாம். அப்போது ஜாவாப் புறாவை வளர்ப்புத் தாயாக வைப்பார்கள் என்றார்.

தேநீர் குடித்துக்கொண்டே நான் குறித்துக்கொண்டவை நிறைய. வளர்க்கிற வீட்டாருக்குப் பயன்படுபவற்றைச் சொல்கிறேன். அடைகாப்பு இரண்டு வாரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். தாயும் தகப்பனும் மாறி மாறி உட்காரும். அந்த நாட்களில் கூண்டை இடம் மாற்றுவது, எட்டி எட்டிப் பார்ப்பது, விருந்தாளிக்குக் காட்டுவது எதுவும் கூடாது. முட்டையிடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கணவாய் ஓட்டைக் கூண்டில் செருகி வைத்தால் அதுவே கொத்திக்கொள்ளும். பூனையையும் பாம்பையும் விட அவர் அதிகம் பயப்படுவது எறும்புக்கு. கூண்டு மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருந்தார். என் அம்மா லயத்துச் சமையலறையில் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்த அதே வேலை.

கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுதான் அதிகமாகச் சாகும் என்றார். இரண்டு வாரத்திலேயே அது கீழே குதித்துவிடும். நன்றாகப் பறக்க மூன்று வாரம் ஆகும். இடையில் உள்ள அந்த நாட்களில் இறகு முளைத்துப் பெரிய பறவை போலத் தெரிவதால் நாம் ஏமாந்து தனியே பிரித்துவிடுகிறோம். அதற்கு இன்னும் தானாகத் தின்னத் தெரியாது. தாய் அடுத்த முட்டைக்குத் தயாராகும்போது தகப்பன்தான் பெரும்பாலும் ஊட்டும். தரையில் மெல்லிய தானியம் தூவி, ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து, தாழ்வாக ஒரு குச்சி கட்டிக் கொடுக்க வேண்டும். ஆழமான கிண்ணத்தில் குஞ்சு மூழ்கிப் போகும். தானாகப் பொறுக்கித் தின்பதை ஒரு வாரமாவது கண்ணால் பார்த்த பிறகே பிரிக்கலாம். ரொம்பவும் தாமதித்தால் அடுத்த முட்டைக்கு இடைஞ்சல் என்று தகப்பனே மண்டையில் கொத்தி விரட்டும். இந்தப் பருவம் வந்த பையன்கள் இருக்கும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

வெளியில் விழுந்து கிடக்கும் காட்டுக் குஞ்சைப் பற்றியும் கேட்டேன். இறகு முளைத்த குஞ்சானால் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். தாய் அருகிலேயே எங்காவது இருக்கும். இறகு முளைக்காததைக் கூட்டிலேயே வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால் ஒரு சிறு கூடையில் புல் போட்டு அதே இடத்தில் கட்டலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. எங்கள் தோட்டத்தில் நானே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், வெட்கக்கேடு.

பெரியவர் விற்பதெல்லாம் கூண்டிலேயே பல தலைமுறையாகப் பிறந்தவை. காட்டிலிருந்து பிடிப்பதை அவர் ஏற்பதில்லை. பாடும் பறவைகளுக்கு வந்த கதியை அவர் நேரில் கண்டவர். பாராவ் பாராவ் என்ற கொண்டைக்குருவி இனம் ஜாவாவில் அற்றே போய்விட்டது. 2022இல் பனாமாவில் நடந்த அனைத்துலக மாநாட்டில் அதன் வாணிபத்துக்கு மிகக் கடுமையான தடை விதித்தார்கள். மூராய் பத்துவும் அதே ஆண்டில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மூராய் பத்து வளர்க்க உரிமம் வேண்டும். எந்தப் பறவையை வாங்குவதாயிருந்தாலும் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்து வாரம் கழித்து மறுபடி போனோம். குஞ்சு தனிக் கூண்டில் தானாகத் தின்றுகொண்டிருந்தது. பையன் வீட்டிலிருந்து ஒரு கூண்டு எடுத்து வந்திருந்தான். அவன் அப்பா கம்பி வளைத்துச் செய்தது. பெரியவர் அதைப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று மெச்சினார். பிறகு எங்கள் குஞ்சின் கூண்டை ஜம்பு மரத்தடிக்குத் தூக்கிப்போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கால் மணி நேரம் அது வெளியே வரவே இல்லை. வந்ததும் கூரைக்குப் பறந்தது, அங்கிருந்து மரத்துக்கு. மாலையில் நாங்கள் கிளம்பும்போது தானியத்துக்கு ஒரு தடவை இறங்கி வந்தது. பையன் எட்டிப் பிடித்திருக்கலாம். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் அவன் என்னோடு பேசவில்லை. ஆயர் ஹீத்தாமில் வாங்கிக் கொடுத்த கறிப்பாப்பை மட்டும் சாப்பிட்டான். அந்தக் காலிக் கூண்டைக் கதவைக் கழற்றிவிட்டு லயத்துக்குப் பின்னால் எலுமிச்சை மரத்தில் கட்டி வைத்திருக்கிறான். போன வாரம் வரைக்கும் அதில் எறும்புதான் குடியிருந்தது. அவன் அப்பா மட்டையில் அரிவாளை வைக்குமுன் கழியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பதாகத் தோட்டத்தில் சொல்கிறார்கள்.