கங்காரு வாலும் மூணு பிரி ஜடையும்!

கங்காரு வாலுக்கும் காரைக்குடிக்கும் என்ன சம்பந்தம்? நேரா எதுவும் இல்லை பாஸ். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் வழியா சுத்தி வந்தா கொஞ்சம் இருக்கு!

எங்க ஊர் சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலம் தூக்கிக் கொடுத்தாரே, அதே வள்ளல் பேர்லதான் சென்னை கிண்டியில ஏ.சி.டெக் இருக்கு. அந்த ஏரியாவுலதான் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோட கிண்டி வளாகம், பக்கத்துலயே தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ. 1952-ல் ஜி.என்.ராமச்சந்திரன் அங்கே இயற்பியல் பேராசிரியரா வந்து சேர்ந்தப்போ வயசு முப்பதைத் தொடலை. அந்த வருஷம் மெட்ராஸ் வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் புரதத்தோட அமைப்பு இன்னும் பிடிபடலைன்னு சொல்ல, ராமச்சந்திரன் பிடிச்சுக்கிட்டார். கொலாஜன்னா நம்ம தோல், எலும்பு, தசைநார் எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிற சமாசாரம். எக்ஸ்ரே படம் எடுக்க ஆஸ்திரேலியாவுல இருந்து கங்காரு வால் தசைநார் வரவழைச்சாங்க. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-லயும் 1955-லயும் 'நேச்சர்' இதழில் எழுதின விடை... மூணு பிரி ஜடை!

நான் படிக்கிறது மெக்கானிக்கல். பயாலஜியை பத்தாவதோட கும்பிட்டு அனுப்பியாச்சு. ஆனா இந்த ஜடை மட்டும் என்னை விடவே இல்லை. ஒவ்வொரு பிரியிலயும் ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள். அதுல மூணுக்கு ஒண்ணு கண்டிப்பா கிளைசின். ஏன்னா, மூணு பிரியும் நெருக்கிக்கிட்டு நிக்கிற நடுப்பகுதியில இடமே கிடையாது. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டுப் பந்தியில ரெண்டு பெரியப்பாக்களுக்கு நடுவுல உட்கார ஒல்லியான ஆளைத் தேடுவோமே, அந்த மாதிரி. அமினோ அமிலங்கள்லயே ரொம்ப ஒல்லி கிளைசின்தான். பக்கவாட்டுல ஒரே ஒரு ஹைட்ரஜன். அங்கே வேற எதைப் போட்டாலும் ஜடை பிதுங்கும்.

பிதுங்கினா என்ன ஆகும்னு புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே எங்க வீட்டுல பார்த்தாச்சு. என் சித்தி பொண்ணுக்கு இப்போ பதினஞ்சு வயசு. நடை பழகுறதுக்குள்ள ரெண்டு தடவை தொடை எலும்பு முறிஞ்சது. ஆறு வயசுல முற்றத்துல வழுக்கி உட்கார்ந்ததுக்கே கால்ல மாவுக்கட்டு. கண்ணோட வெள்ளைப் பகுதி லேசா நீலமா இருக்கும். ஊர்ல சொல்லாத காரணம் இல்லை. கண்ணேறு, கிரகணம், அப்புறம் எல்லாரும் சுத்திச் சுத்தி வந்து நிக்கிற இடம்: 'மாசமா இருக்கும்போது உன் சித்தி பால் குடிக்கலை!' ஆயாவே அதைச் சொல்லிச் சொல்லி, சித்தி கொஞ்ச நாள் விசேஷங்களுக்குப் போறதையே நிறுத்திட்டாங்க.

அப்புறம் மரபணுப் பரிசோதனை பண்ணினாங்க. டி.என்.ஏ.வுல ஒரே ஒரு எழுத்து மாறி, கொலாஜன்ல ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்துல செரின் வந்து உட்கார்ந்திருக்கு. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் அந்த மாற்றம் இல்லவே இல்லை. இவகிட்டேதான் புதுசா ஆரம்பிச்சிருக்கு. பாலுக்கும் இதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது! சித்தி அந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி பீரோவுல வச்சிருக்காங்க.

இதுல ஒரு கணக்கு இருக்கு. எலும்புக் கொலாஜன்ல ரெண்டு பிரி ஒரு ரகம், மூணாவது வேற ரகம். அந்த முதல் ரகத்துக்கான ரெண்டு ஜீன்ல ஒண்ணு கெட்டா, தயாராகிற பிரியில பாதி நல்லது, பாதி கெட்டது. ஒரு ஜடையில ரெண்டுமே நல்லதா அமைய வாய்ப்பு கால்தான். ஆக, நாலு ஜடையில மூணு பழுது! அந்த ஜீன் மொத்தமா வேலை செய்யாமலே போயிருந்தா, கொலாஜன் பாதியாக் குறையும், ஆனா இருக்கிறது உருப்படியா இருக்கும். பெரும்பாலும் நோயும் லேசாத்தான் இருக்கும். கெட்ட சாமான் வர்றதைவிட சாமானே வராதது தேவலைன்னு கட்டடம் கட்டுறவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

இயற்கை செய்யுற மாற்றம் இது. வேணும்னே மாத்திப் பார்த்த கூட்டமும் உண்டு. அந்தக் கதைதான் செம!

கிளைசினுக்கு அடுத்தபடியா கொலாஜன்ல முக்கியமான ஆள் புரோலின். அதுல பல இடங்கள்ல நம்ம உடம்பு ஒரு ஆக்சிஜனைச் செருகி ஹைட்ராக்சிபுரோலினா மாத்தும். அதுக்கு வைட்டமின் சி வேணும். நெல்லிக்காய், கொய்யா எதுவுமே இல்லாம மாசக்கணக்கா கடல்ல போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்தது இதனாலதான். சரி, அந்த ஆக்சிஜன் எப்படி ஜடையைக் காப்பாத்துது? அது தண்ணீர் மூலக்கூறைப் பிடிச்சுப் பாலம் போடுதுன்னு 1973-ல் ராமச்சந்திரனும் கூட இருந்தவங்களும் ஒரு கருத்தைச் சொன்னாங்க. நியாயமாத்தான் பட்டது.

1998-ல் அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ரோனால்ட் ரெயின்ஸ் குழு ஒரு குறும்பு பண்ணிச்சு. ஆக்சிஜன் இருந்த இடத்துல ஃப்ளூரின்! இப்படி ஒரு புரோலின் நம்ம உடம்புல கிடையாது. ஃப்ளூரினுக்குத் தண்ணீரைப் பிடிச்சு வைக்கிற சாமர்த்தியமும் ரொம்பக் கம்மி. பாலம்தான் காரணம்னா ஜடை பலவீனமாகணும். வெறும் புரோலின் போட்ட சின்ன மாதிரி ஜடை 41 டிகிரி செல்சியஸ்ல பிரிஞ்சது. ஹைட்ராக்சிபுரோலின் போட்டது 69. ஃப்ளூரின் போட்டது... 91 டிகிரி!

காரணம், ஃப்ளூரின் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்து, புரோலினோட அஞ்சு மூலை வளையத்தை ஒரு பக்கமா மடிச்சு வைக்குது. ஜடை பின்னத் தேவையான கோணத்துல பிரி முன்கூட்டியே தயாரா நிக்குது. அதே ஃப்ளூரினை அதே இடத்துல மறுபக்கம் ஒட்டினா வளையம் வேற மாதிரி மடங்கி, ஜடையே சேரலை!

கோணம்னு சொன்னதும் யார் ஞாபகம் வருது? திரும்பவும் ராமச்சந்திரன்தான். அவரோட கொலாஜன் மாடல்ல அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்குன்னு வெளிநாட்டுல விமர்சனம் வந்தப்போ, எவ்வளவு நெருங்கலாம்னு உட்கார்ந்து கணக்குப் போட்டதுலதான் 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேர்ந்து வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' பிறந்துச்சு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல திரும்பலாம்னு காட்டுற மேப் அது. அவரோட தண்ணீர்ப் பாலத்தை ஃப்ளூரின் ஆட்டிப் பார்த்தது நிஜம். ஆனா அந்த ஃப்ளூரினைப் புரிஞ்சுக்கவும் அவர் மேப்தான் வேண்டியிருக்கு. கிண்டிக்கு ஒரு விசில் அடிக்கலாம்!

இதையெல்லாம் தங்கச்சிகிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அண்ணே, அந்த 91 டிகிரியை எனக்குப் போட முடியுமா?"ன்னா.

முடியாதுன்னுதான் சொன்னேன். நம்ம செல் வச்சிருக்கிற அமினோ அமில லிஸ்ட்ல ஃப்ளூரோபுரோலின் இல்லை. பாக்டீரியாவை ஏமாத்திப் புதுச் சரக்கைப் புரதத்துல ஏத்துற வித்தை சென்னை சி.எல்.ஆர்.ஐ.யிலயே நடந்திருக்கு. ஆனா மனுஷ எலும்புக்குள்ள அதைச் செய்யுறது வேற விஷயம். அதோட, அவளுக்குப் பழுது புரோலின்ல இல்லை, கிளைசின்ல. இப்போதைக்கு எலும்பு கரையுறதைக் குறைக்கிற மருந்து, தொடையில கம்பி, தினமும் பிசியோதெரபி... இதுதான்.

"சரி, அப்போ ஜீனையே திருத்துற ஆளு யாருன்னு தேடிச் சொல்லு"ன்னா. தேடிக்கிட்டிருக்கேன். அடுத்த டிரிப்ஸுக்கு மதுரை போறப்போ பஸ்ல கேப்பா.