வேஸ்ட்: ஒரு கணக்குச் சொல்

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை உண்டு. அதன் தலைப்பிலுள்ள ஒரு சொல்லை மாற்றுவதா விடுவதா என்று இரண்டு மாதங்களாகத் தடுமாறுகிறேன். ‘வேஸ்ட்லேண்ட்’ என்பதே அச்சொல். அரசுத் தரவு அப்படிச் சொல்கிறது. நானும் யோசியாமல் எழுதிவிட்டேன்.

ஜெய்சல்மேர் மாவட்டத்தில் களப்பணியின்போது, ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். நாங்கள் நின்ற இடத்தின் நிறத்துக்கு என்ன பொருள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் ‘பஞ்ஜர்’ என்றேன். அவர் கோபப்படவில்லை. சுற்றிலும் கைகாட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லத் தொடங்கினார்: சேவண் புல், கேர் புதர், கேஜ்ரி மரம் (நம்முடைய வன்னிதான்). குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. நாங்கள் நின்றிருந்தது ஓர் ஓரண். தெய்வத்தின் பெயரால் ஊரார் காத்துவரும் பொது மேய்ச்சல் நிலம்.

திரும்பி வந்தபின் அச்சொல்லின் வரலாற்றைத் தேடினேன். ‘வேஸ்ட்’ என்றதும் நமக்குக் குப்பைதான் நினைவுக்கு வரும். ஆனால் எறியப்பட்ட பொருள் என்பது அச்சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. ‘வாஸ்டுஸ்’ என்ற இலத்தீன் மூலத்துக்கு வெறுமை, ஆளற்ற வெளி என்று பொருள். தமிழில் ‘பாழ்’ என்பது நெருங்கி வரும். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் யார்க்ஷயர் ஊர்கள் பலவற்றுக்கு எதிரே இச்சொல் நிற்கிறது. 1069–70இல் வில்லியம் மன்னனின் படை அப்பகுதியை எரித்து அழித்திருந்தது. ஆனால் எல்லாப் பதிவுகளும் அழிவைக் குறிப்பன அல்ல, சில இடங்களில் ‘இங்கிருந்து வருவாய் இல்லை’ என்பது மட்டுமே பொருள் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு இந்த வாதம் முக்கியமாகப் படுகிறது. நிலத்தின் தன்மையைச் சொல்வதாகத் தோன்றும் சொல், உண்மையில் கணக்கரின் சொல்லாக இருந்திருக்கிறது.

இங்கிலாந்தில் பண்ணைப் பிரபுவின் ‘வேஸ்ட்’ நிலத்தில்தான் குடிகள் ஆடுமாடு மேய்த்தனர், விறகு பொறுக்கினர். குடிகளுக்குப் போதுமான மேய்ச்சல் மிஞ்சினால் எஞ்சியதைப் பிரபு வளைத்துக்கொள்ளலாம் என்று 1235ஆம் ஆண்டின் மெர்ட்டன் சட்டம் இடம் கொடுத்தது. ‘போதுமானது’ எவ்வளவு என்ற சண்டை நூற்றாண்டுகள் ஓடியது. இயற்கையிடமே முற்றிலும் விடப்பட்ட நிலமே ‘வேஸ்ட்’ என்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் எழுதினார். மேய்ச்சலையும் அவர் மேம்பாட்டின் வகையாகவே எண்ணினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தியாவில் 1838ஆம் ஆண்டின் ‘வேஸ்ட்லேண்ட்’ விதிகளின்கீழ் அசாமில் தேயிலைக்கு நிலம் வழங்கப்பட்டது. சென்னை மாகாணக் கணக்குகளில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று தரிசையே வரியால் பிரித்தார்கள். ஜெய்சல்மேர் சமஸ்தானமாக இருந்த பகுதி. அங்கு இச்சொல்லுக்கு வலுவூட்டியவை விடுதலைக்குப் பின் வந்த திட்டங்களும் செயற்கைக்கோளுமே என்பது என் கருத்து. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் பிறந்தது. 2019இல் வெளியான தரிசுநில வரைபடத் தொகுதி, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை, அதாவது 5.5 கோடி ஹெக்டேருக்கு மேல், 23 வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்று பனி மூடிய, பனிப்பாறைப் பகுதி. கங்கை பிறக்கும் இடமும் தரிசோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. ஓரண்கள் பலவும் வருவாய்ப் பதிவேட்டில் ஓரண் என்று ஏறவே இல்லை. சூரிய மின்நிலையங்களுக்கு இடம் தேடும்போது அவை ‘சும்மா கிடக்கும் அரசு நிலம்’ ஆகிவிடுகின்றன. கானமயில் எஞ்சியிருப்பதும் இத்தகைய புல்வெளிகளில்தான்.

அரசுத் தரவின் சொல்லை மாற்றினால் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது என்கிறார் நெறியாளர். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே தலைப்பைத் தொடவில்லை. ‘ஊரார் வழங்கும் பெயர்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன். புதர்நிலத்துக்கு எதிரே மட்டும் நான்கு பெயர்கள் வந்துவிட்டன. மணல்மேட்டுக்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான். அடுத்த மாதம் மீண்டும் போகிறேன். அவரிடமே கேட்க வேண்டும்.