இரண்டு கோர், ஒரு கடிகாரம்

ஹைதராபாத்தில் ஒரு மொழியியல் ஆய்வகத்தின் மூலையில், விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் பழைய மேசைக்கணினி ஒன்று இருந்தது. எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தப்பட்டது. ஆயினும் ஆய்வகம் அக்கணினியைக் கைவிடவில்லை. பேச்சு தொடங்கும் கணத்தைக் கண்டறியும் இடைமுக அட்டை அதில் பொருத்தப்பட்டிருந்தது. பிந்தைய இயங்குதளங்களில் அந்த அட்டைக்கு ட்ரைவர் கிடையாது. புதிய கருவிக்கு நிதியும் கிடையாது. எனவே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணினியை அப்படியே வைத்திருந்தார்கள்.

அதை நம்பி ஒரு ஆய்வு மாணவி இருந்தாள். தெலுங்கு, உருது இரண்டு எழுத்துகளையும் சரளமாக வாசிப்பவர்கள் ஒரு சொல்லைக் கண்டதும் எவ்வளவு நேரத்தில் உச்சரிக்கத் தொடங்குகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. அந்த நேரம் ஏறத்தாழ அரை விநாடி. அவள் தேடிய வேறுபாடோ 20, 30 மில்லிவிநாடி. உதவித்தொகை மொத்தம் 5 ஆண்டுகளுக்கு; நான்காவது ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தது.

சொற்களைத் திரையில் காட்டிக்கொண்டே குரலையும் முழுமையாகப் பதிவு செய்யத் தொடங்கியதும் கணினி திணறியது. ஆய்வகத் தொழில்நுட்பர் ஒரு வழி சொன்னார். கழித்துப்போட்ட கணினி ஒன்றிலிருந்து எடுத்துவைத்த டூயல்-கோர் செயலி அவரிடம் இருந்தது. இதே மதர்போர்டில் பொருந்தக்கூடியது. பயாஸைப் புதுப்பித்து, செயலியை மாற்றி, வெப்பப் பசை தடவி, விசிறியைப் பூட்டினார். கணினி உயிர்பெற்றது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் ஒரே ஒரு வரைபடம்தான் தெரிந்தது. இரண்டாவது கோர் இருப்பதையே எக்ஸ்பி அறியவில்லை.

காரணம் உரிமம் அன்று. எக்ஸ்பி ஹோம் ஒரு செயலியையும், புரொஃபஷனல் இரண்டையும் ஏற்கும். அக்கணக்கு சாக்கெட்டுகளுக்குரியது, கோர்களுக்கு அன்று. பல செயலிகளைக் கையாளும் திறன் 1993இல் வந்த விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே இந்த மரபில் உண்டு. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே ‘ஹால்’ எனப்படும் ஓர் அடுக்கு இருக்கிறது. எக்ஸ்பியின் நிறுவு வட்டில் பலவகை ஹால்கள் உண்டு. நிறுவும் நாளில் எந்திரத்தைப் பார்த்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ஹால்.டிஎல்எல் என்ற பொதுப்பெயரில் வன்தட்டில் வைத்துவிடும். கெர்னலும் அப்படியே: ஒற்றைச் செயலிக்கு ஒன்று, பல செயலிகளுக்கு வேறொன்று, வட்டில் தனித்தனிப் பெயர், நிறுவியபின் ஒரே பெயர். ஒற்றைச் செயலிக் கணினி பூட்டுகளின் சுமையை வீணாகச் சுமக்கவேண்டாம் என்பதற்கான சிக்கனம் அது. மேசைக்கணினிகளுக்கு டூயல்-கோர் செயலிகள் பரவலாக வரத்தொடங்கியது 2005இல்தான்.

டிவைஸ் மேனேஜரில் ‘கம்ப்யூட்டர்’ என்ற தலைப்பின்கீழ் ‘ஏசிபிஐ யூனிபிராசசர் பிசி’ என்றிருந்தது. தொழில்நுட்பர் அதைக் கையால் ‘ஏசிபிஐ மல்டிபிராசசர் பிசி’ என்று மாற்றினார். தவறான ஹாலைத் தேர்ந்தால் கணினி மீண்டும் துவங்காமலே போகக்கூடும் என்பதால், முன்னதாக வன்தட்டை முழுவதும் படியெடுத்துக்கொண்டார். மறுதுவக்கத்துக்குப் பின் டாஸ்க் மேனேஜரில் இரண்டு வரைபடங்கள். சொற்கள் தடையின்றித் தோன்றின. குரலும் தடையின்றிப் பதிவாகியது. “இனி உன் பாடு அம்மா” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த ஆறு வாரங்களில் 14 பேர் வந்து வாசித்தார்கள். இரண்டு எழுத்துகளும் கைவந்தவர்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற உருது ஆசிரியர்; முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்தவர்.

தரவுகளைத் தொகுத்தபோது, ஒரு வரிசையில் கழித்தல் குறியோடு ஓர் எண் நின்றது. சொல் திரையில் தோன்றுவதற்கு முன்பே அதை ஒருவர் வாசித்துவிட்டதாக அதற்குப் பொருள். தேடியதில் அப்படி ஒன்பது எண்கள் கிடைத்தன. மூத்த ஆய்வாளர் ஒருவர் எளிய தீர்வு சொன்னார்: ஒன்பதையும் நீக்கிவிடு, புறம்பான மதிப்புகளை நீக்குவது வழக்கம்தானே.

அவள் உடனே நீக்கவில்லை. பழைய முன்னோட்டக் கோப்புகளையும் புதிய கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். நேரம் அளக்கும் கடிகாரம் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை நிரல் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதிவைத்திருந்தது. பழையவற்றில் 3579545. புதியவற்றில் ஏறத்தாழ 200 கோடி. அன்றாடம் கண்ணில் பட்டும் யாரும் வாசிக்காத எண் அது.

முதல் எண் மதர்போர்டில் உள்ள மின்மேலாண்மைக் கடிகாரத்துக்கு உரியது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறஅலை அதிர்வெண்ணிலிருந்து கணினிக்கு வந்து சேர்ந்தது. அது செயலிக்கு வெளியே இருப்பது, ஒன்றே ஒன்று. இரண்டாவது எண் செயலியின் துடிப்பு. ஹாலை மாற்றியபோது கடிகாரமும் சொல்லாமல் மாறிவிட்டிருந்தது. அந்தத் துடிப்பு எண்ணி ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக இருந்தது. மின்சாரத்தைச் சேமிக்க ஒரு கோர் வேகத்தைக் குறைத்தால், அக்காலச் செயலிகள் சிலவற்றில் அதன் எண்ணியும் பின்தங்கும். சொல் தோன்றிய கணத்தை ஒரு கோரின் எண்ணியிலும், குரல் எழுந்த கணத்தை மற்றதன் எண்ணியிலும் படித்துக் கழித்தால் வருவது நேரமே அன்று.

பிழை ஒரு திசையில் கழித்தல் குறியாக வெளிப்பட்டது. எதிர்த் திசையில் அதே பிழை, வாசித்தவரைச் சற்று மெதுவானவராகக் காட்டியிருக்கும். சிறிய பிழைகள் 20, 30 மில்லிவிநாடிக்குள் ஒளிந்திருக்கும். அவள் தேடிய வேறுபாட்டின் அளவும் அதுவே. ஒன்பது எண்கள் தம்மைக் காட்டிக்கொடுத்தன. மற்றவை அப்படிச் செய்யவில்லை. குரல் பதிவுகளிலிருந்து மீட்கவும் வழியில்லை. குரல் எழுந்த இடம் பதிவில் இருந்தது. சொல் தோன்றிய இடம் இல்லை.

நெறியாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “மீதி எண்களில் எது சரி என்று உன்னால் சொல்ல முடியுமா?” முடியாது என்றாள். 14 பேரின் தரவும் கைவிடப்பட்டது. ஒருமுறை கண்ட சொற்களை மறுமுறை விரைவாக வாசிப்பார்கள் என்பதால், அவர்களையே திரும்ப அழைக்கவும் இயலவில்லை.

திருத்தம் பத்து நிமிட வேலை. பூட்.ஐஎன்ஐ கோப்பின் இயங்குதள வரியின் இறுதியில் ‘/யூஸ்பிஎம்டைமர்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். கோப்பின் தலையில் மீண்டும் 3579545 வந்தது. அளக்கும் நிரலை ஒரே கோருக்குள் கட்டிப்போட்டார்கள். பதிவு செய்யும் நிரலுக்கு மற்றது. கடிகாரத்தை இடைவிடாமல் படித்து, அது ஒருமுறையேனும் பின்னோக்கிச் செல்கிறதா என்று பார்க்கும் சிறு நிரலை அவள் எழுதி, ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டாள். செல்லவில்லை. இன்னொன்றும் செய்தாள்: ஒவ்வொரு சொல் தோன்றும்போதும் ஒரு குறுஒலி, வாசிப்பவர் காதுக்கு எட்டாமல், பதிவின் இரண்டாவது தடத்தில் விழும்படி அமைத்தாள். இனிக் கணினி பிசகினாலும், ஒலி அட்டையின் கடிகாரம் தனிச் சாட்சியாக நிற்கும்.

உருது ஆசிரியருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னாள். “நான் வாசித்ததில் பிழையா?” என்று அவர் கேட்டார். “இல்லை ஐயா, பிழை எங்கள் கடிகாரத்தில்” என்றாள். மறுவாரம் தம்முடைய பழைய மாணவர்கள் மூவரை அனுப்பிவைத்தார்.

புதிய தரவு முழுமையடைவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. கடைசி நான்கு மாதங்களை அவள் பள்ளி மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்தி ஓட்டினாள். ஆய்வேட்டின் வழிமுறை இயலில் இவ்வளவும் இரண்டு வாக்கியங்கள்: எந்தக் கடிகாரம் பயன்படுத்தப்பட்டது, அது எவ்வாறு சோதிக்கப்பட்டது. கைவிடப்பட்ட 14 பேரின் எண்ணிக்கையை அடுத்த வரியில் சேர்த்திருந்தாள்.