புளி போட்டுத் துலக்காதீர்கள்!

மஞ்சளில் கிழங்கு அழுகலுக்கு என்ன மருந்து ஊற்றலாம் என்று கேட்க வருகிறவர்கள், பேச்சு முடிந்ததும் மடியில் இருந்து ஒரு பொட்டலத்தைப் பிரிப்பது நாமகிரிப்பேட்டைப் பக்கம் எனக்குப் பழகிப்போன காட்சி. நான் பழைய செப்புக்காசு சேர்க்கிறவன் என்பது சுற்றுவட்டாரத்தில் தெரியும். 'இதை எதுல போட்டுக் கழுவுனா பளிச்சுனு வருமுங்க சார்?' இதுதான் எல்லோரும் கேட்பது. பளிச்சென்று வரவே கூடாது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

போதமலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்து வீடு. அந்த வீட்டு அம்மாவிடம் சுருக்குப்பை நிறையக் காசு இருந்தது. 'எங்க மாமியாளுக்கு அவங்க மாமியா குடுத்ததுங்க' என்றார். நான் வருகிறேன் என்று தெரிந்ததும், 'ஆபீசர் பார்க்கறதுக்கு வசதியா இருக்கட்டும்' என்று பேரன் பாதிக் காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். துலக்கிய செம்புக் குடம் மாதிரி மின்னின. அதில் ஒன்று திப்பு சுல்தானின் யானைக் காசு. தும்பிக்கையின் வளைவு மட்டும் லேசாகத் தெரிந்தது. மறுபக்கம் வெறும் தகடு. 1792-ல் திப்புவிடமிருந்து சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. அதற்கு முன்பு இங்கே புழங்கிய காசு, எத்தனையோ தலைமுறை அந்தப் பையில் பத்திரமாக இருந்தது. அரை மணி நேரத்தில் போய்விட்டது.

'பழைய நெறம் திரும்ப வருமுங்களா?' என்று அந்த அம்மா கேட்டார். நிறம் வரும், கொஞ்ச மாதத்தில் காற்றே மங்க வைத்துவிடும். யானை வராது.

பேரனைக் குறை சொல்ல முடியாது. பாத்திரத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் துலக்குவதுதான் நம் வீட்டு வழக்கம், சமைத்துச் சாப்பிடுகிற பாத்திரத்துக்கு அதுதான் சரியும்கூட. காசு வேறு. மண்ணிலும் காற்றிலும் கிடக்கும் செம்பு, வெளிப்பக்கமாக ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறுகிறது. பழுப்பும் கரும்பச்சையுமாக ஒட்டியிருக்கும் கெட்டிக் களிம்பு அதுதான். மிகப் பழைய காசுகளில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கின்றன. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் தோலைக் கரைக்கிறது, சாம்பல் மிச்சத்தைச் சுரண்டுகிறது. எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பவுடர் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும்.

எழுத்து போனால் என்ன போகிறது என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில், 'கொல்லிப்புறை' என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த செப்புக்காசுகளும் இருந்தன. சங்ககாலக் காசுகளை ஆராய்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் படித்துச் சொன்னவை அவை. நம் தலைக்கு மேலே நிற்கிற கொல்லிமலையின் பெயர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காசில்! யாராவது அதைப் புளியில் ஊறப்போட்டிருந்தால் கைக்கு ஒரு சிறு செப்புத் துண்டுதான் மிஞ்சியிருக்கும்.

ஆனால் எல்லாக் களிம்பும் நல்லதல்ல. காசில் அங்கங்கே வெளிர்பச்சையாக, மாவு மாதிரிப் புள்ளி தெரிந்து, தட்டினால் உதிர்ந்தால் அது நோய். நம் ஆட்களுக்கு இதை விளக்குவது எளிது. மஞ்சள் கிழங்கு அழுகலுக்கு வேரில் ஊற்றுகிறோமே காப்பர் ஆக்ஸிகுளோரைடு, வேதியியல்படி அந்தப் பச்சை மாவும் ஏறக்குறைய அதேதான். செம்பு, குளோரைடு உப்பு, ஈரம், காற்று நான்கும் சேர்ந்தால் காசே தன்னைத் தின்று அந்தத் தூளாக மாறிக்கொண்டிருக்கும். வயலில் கிடைக்கும் காசுக்கு இது அதிகம் வரும். நாம் போடுகிற பொட்டாஷே பொட்டாசியம் குளோரைடுதானே! கிருமி எதுவும் இல்லை. இருந்தாலும் அழுகிய கிழங்கை விதைக் கிழங்கோடு வைக்காத மாதிரி, தூள் உதிரும் காசைத் தனியாக எடுத்து விடுங்கள். தூளை மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, கறுப்புத் தாள் மேல் வையுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி தூள் கொட்டினால் நோய் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள். ஈரம் படாமல் மூடி வைத்து, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டி வழி கேளுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது.

நோய் இல்லாத, வெறும் மண் ஒட்டிய காசுக்குத் தண்ணீர் போதும். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் அதில் உப்பு அதிகம். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். நான்கைந்து நாளில் மண் இளகும். ஈர்க்குச்சியைச் சீவி மெதுவாக எடுங்கள்; ஊசி, கத்தி, கம்பி பிரஷ் வேண்டாம். பூச்சி பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யலாம். பச்சையோ பழுப்போ எட்டிப் பார்த்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். தேய்க்கவே கூடாது. உரம் அள்ளிய கையோடு தொடாதீர்கள். எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

கம்பெனியாரின் 1835 காலணா, விக்டோரியா காலணா, 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா போன்றவை பெட்டியிலேயே கிடந்திருந்தால் கழுவ வேண்டிய தேவையே இல்லை. அவை ஊரெல்லாம் இருக்கின்றன. லட்சக்கணக்கில் விலை போகும் என்று போனில் வருகிற பேச்சை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்தது. ராமர் படம் போட்ட '1818' காசு கம்பெனி அடித்ததே அல்ல. அரிசியை இழுக்கும் செம்பு என்று கிளம்புகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் தோட்டத்தை விற்றவர்களே உண்டு.

வைத்துக் காப்பதை விதை சேமிப்போடு ஒப்பிட்டால் பாதி புரிந்துவிடும். ஈரம்தான் எதிரி. கடையில் விற்கும் மெத்தென்ற பி.வி.சி. ஆல்பத்தில் காசை வைத்தால், சில வருடத்தில் பிசுபிசுவென்று பச்சைப் பசை ஊறும். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் எதுவுமே ஆகாது. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. மரப்பெட்டியும் நாளாவட்டத்தில் அமில ஆவி விடும். மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அறையில் வைக்கும் காணிக்கைக் காசுக்கும், ஈரத் துணியாக இல்லாமல் பார்த்துக்கொண்டாலே போதும். காசுக்கென்று விற்கும் அமிலமில்லாத காகித உறை நல்லது. இல்லாவிட்டால் பாலிப்ரொப்பிலீன் உறை. ஒன்றுக்கொன்று உரசாமல் தனித்தனியாகப் போட்டு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உரமும் மருந்தும் அடுக்கிய அறைப் பக்கமே அந்த டப்பா போகக்கூடாது. எந்தப் பாட்டி கொடுத்தது, எந்தக் காட்டில் கிடைத்தது என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தவை, சீட்டோடு வந்தவைதான்.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பானையோடு கிடைத்தால் விஷயமே வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆளுக்கு நாலாகப் பங்கு போட்டுவிட்டு அப்புறம் போலீசுக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் மேலே போய்விடும். அதுவரை கழுவ வேண்டாம், ஒட்டிக்கொண்டிருக்கும் காசுகளைப் பிரிக்கவும் வேண்டாம். எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டு, உடைந்த பானை ஓட்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள். கேட்கிறவர்கள் முதலில் கேட்பது அந்த ஓட்டைத்தான்.