எத்தனை நாள் தாங்கும்?

ஒருவரை ஒரே நாளில் எடைபோட்டுவிட்டுப் பின்னர் வருந்துவது மனித இயல்பு. ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கடந்த எனக்கும் அத்தவறு நேர்ந்தது. அதனை உணர்த்தியது ஒரு பென்சில் கரிக்கோல் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். எனினும் உண்மை அதுவே.

கிள்ளானில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில், அறிவியல் கண்காட்சிக்கென ஆறாம் ஆண்டு மாணவர் நால்வரைத் தெரிவு செய்திருந்தோம். எழுத்துத் தேர்வு ஒன்று. அதில் முதல் நான்கு இடங்கள். வேலை எளிதாக முடிந்தது. அவர்கள் சலவைச் சோடா கரைத்த நீரில் இரண்டு பென்சில் கரிக்கோல்களை நிறுத்தி, மின்கலத்தை இணைத்தனர். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் முத்து முத்தாக எழுந்தன. அனைவரும் கைதட்டினர்.

பின்வரிசையில் நின்ற ஒரு சிறுமி மட்டும், “ஐயா, இந்தக் கோல் எத்தனை நாள் தாங்கும்?” என்று கேட்டாள். அவள் தேர்வில் பின்தங்கியவள். “அது பாடத்தில் இல்லையம்மா” என்று கூறிவிட்டு நான் அலுவலகம் திரும்பினேன்.

அன்று மாலை பிரிக்பீல்ட்சிலுள்ள இல்லத்திற்குக் கொம்யூட்டர் இரயிலில் திரும்புகையில், அக்கேள்வி என்னை விடவில்லை. இல்லம் சேர்ந்ததும் நூல்களைப் புரட்டினேன். 1800ஆம் ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் இலண்டனில் நீரை மின்சாரத்தால் பகுத்தபோதே இதே இடர் எழுந்ததாம். பித்தளைக் கம்பிகளில் ஒன்று ஹைட்ரஜனைத் தந்தது. மற்றொன்றோ தானே ஆக்சிஜனேற்றமடைந்தது. பிளாட்டினக் கம்பிகளை இட்ட பின்னரே இரு முனைகளிலும் வளி எழுந்தது. ஆகவே, குமிழி எழுப்பும் கலையும், எழுப்பும் பொருள் நின்று தாங்குமா என்னும் கேள்வியும் உடன்பிறந்தவை எனலாம்.

தொழிற்சாலைகளில் பிளாட்டினம் கட்டுப்படியாகாது. ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த, 80 பாகை வெப்பமுள்ள காரநீரில் நிக்கல் மின்வாய்களே பெரிதும் உழைக்கின்றன. ஓராண்டிற்கு 8,760 மணி நேரம். பத்தாண்டுகள் எனில் 87,600 மணி நேரம். நம் கரிக்கோல் நேர்முனையில் வெளிப்படையாகவே உதிர்ந்து நீரைக் கருமையாக்கும். நிக்கல் எதிர்முனையின் தளர்ச்சியோ கண்ணுக்குப் புலப்படாது. ஹைட்ரஜன் உலோகத்தினுள்ளேயே மெல்லப் புகுந்து அதன் வினைத்திறனை மழுக்குகிறது. வெளியில் உருவம் மாறுவதில்லை; செலுத்த வேண்டிய மின்னழுத்தம் மட்டும் சிறிது சிறிதாக உயர்கிறது.

அவ்வுயர்வு சிறியதுதானே எனலாகாது. 0.1 வோல்ட் கூடினால், ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 2.7 யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோகிராம் செய்யும் ஆலையில் அஃது 2,700 யூனிட் வீணாகும் கணக்கு.

இதனால் ஆய்வாளர் ஒரு மின்வாயை முதல்நாள் திறனை மட்டும் கண்டு ஏற்பதில்லை. மாறா மின்னோட்டத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கவிட்டு, மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டே வருகின்றனர். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதபோது, மின்னோட்டத்தை மிகுத்தும், மீண்டும் மீண்டும் நிறுத்தித் தொடங்கியும் சோதிக்கின்றனர். நிறுத்தும் வேளையில் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து எதிர்முனையைச் சிதைக்கக்கூடும். மேகம் மறைத்தால் ஓயும் சூரிய மின்சாரத்தை நம்பும் இக்காலத்திற்கு இச்சோதனை இன்றியமையாதது.

இத்துறையில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார்; காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உப்புநீரைப் பகுத்துக் காஸ்டிக் சோடா செய்யும் கலங்களில் தேய்ந்துபோகும் கிராபைட்டுக்கு மாற்றாக, பூச்சிட்ட டைட்டேனிய நேர்மின்வாய்களை அந்நிறுவனம் உருவாக்கியது. அக்கலங்களின் மறுமுனையில் எழுவதும் ஹைட்ரஜனே. நம் நாட்டிலும் பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் எரிமின்கல ஆய்வுக் கழகம் அமைந்தது; 2019இல் கூச்சிங்கில் ஹைட்ரஜன் உற்பத்தி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது.

மூன்று வாரங்கள் கழிந்தன. அறிவியல் ஆசிரியை ஒரு குறிப்பேட்டை என் மேசைமேல் வைத்தார். அச்சிறுமி ஆசிரியையின் அனுமதியோடு நாள்தோறும் ஓய்வு வேளையில் கலத்தை இயக்கி, கரிக்கோலின் பருமனையும், நீரின் நிறத்தையும், உடைந்த நாளையும் எழுதி வைத்திருந்தாள். ஒரு நாளும் விடுபடவில்லை. எழுத்துப் பிழைகள் இருந்தன; கணக்கில் பிழையில்லை.

உடனே பட்டியலை எடுத்தேன். அது முன்னரே அனுப்பப்பட்டுவிட்டது, மாற்றத்திற்கு இடமில்லை. மறுநாள் அவளை அழைத்து, “உன் கேள்விதான் சரி; என் பதில்தான் தவறு” என்றேன். அவள் தலைகுனிந்து, “பரவாயில்லை ஐயா” என்றாள். அந்தச் சொல் என்னை மிகவும் சுட்டது. சபைகூடலில் தன் ஆய்வை விளக்கச் சொன்னேன், விளக்கினாள். ஆண்டிறுதியில் பள்ளியை விட்டுச் சென்றாள். இழந்த வாய்ப்பை என்னால் திருப்பித் தர இயலவில்லை.

அதன்பின் எம் பள்ளியில் கண்காட்சிக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரக் குறிப்பேடு கேட்கிறோம். முதல்நாள் பொங்கும் குமிழி மகிழ்ச்சி தருவதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் பட்டியலில் கையொப்பமிடுமுன், “எத்தனை நாள் தாங்கும்?” என்று இப்பொழுது நானும் கேட்கிறேன்.