அக்கரைக்கு ஒரு கிலோமீட்டர்

மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்குப் போக வேண்டுமானால் நீங்கள் கையில் என்ன எடுத்துக்கொள்வீர்கள்? பர்ஸ், ஒரு பை, வெயிலாயிருந்தால் குடை. அவ்வளவுதானே? சிங்கப்பூரின் வடகோடியில் உட்லண்ட்ஸ் என்ற பகுதியில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி, ஏறக்குறைய அதே தூரத்திலுள்ள அக்கரைக் கோயிலுக்குப் போய்வர என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் பாக்கி இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். சிங்கப்பூரில் குடியிருக்கலாம் என்ற அனுமதி. மலேசியாவுக்குள் நுழைய, அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் பூர்த்தி செய்த வருகைச் சீட்டு. ஒரு பகல் வேலைக்கு மூன்று சர்க்கார்களின் தயவு!

"கோயிலுக்குப் போறதுக்கு இத்தனை ஜாதகமா?" என்று கேட்டாள் என் சிநேகிதியின் தாயார். கும்பகோணத்திலிருந்து பெண்ணைப் பார்க்க வந்தவள். அறுபத்தெட்டு வயது. அக்கரையிலே ஜோகூர் பாருவில் ராஜகாளியம்மனுக்கு முழுக்க முழுக்கக் கண்ணாடியால் இழைத்த கோயில் இருக்கிறதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். பார்த்தே தீர வேண்டும் என்றாள். சிநேகிதி, அவள் தாயார், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நாகர்கோவில் நர்ஸ் அம்மாள், நான் ஆக நாலு பேர் கிளம்பினோம்.

பாலத்தின் கதை

சிங்கப்பூருக்கும் ஜோகூர் பாருவுக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகிய ஜலசந்தி. அதன்மேல் கல்லைக் கொட்டி அணை போல் எழுப்பிய பாதை 1923-ல் ரயிலுக்குத் திறந்தது. 1924 ஜூன் 28-ல் அதன் திறப்பு விழா நடந்தது. நீளம் 1,056 மீட்டர். 1942 ஜனவரி 31-ல், ஜப்பானியர் துரத்தி வந்தபோது, பிரிட்டிஷ் படைகள் பின்வாங்கிச் சிங்கப்பூருக்குள் நுழைந்துகொண்டு இந்தப் பாதையில் ஓர் இடத்தை வெடிவைத்துத் தகர்த்தன. ஜப்பானியர் அதைச் சீக்கிரமே சரிசெய்துகொண்டு வந்துவிட்டார்கள்.

வெடி பிரிக்க முடியாததை அரசியல் பிரித்தது. 1963-ல் ஒரே தேசமாகச் சேர்ந்த மலேசியாவும் சிங்கப்பூரும் 1965 ஆகஸ்ட் 9-ல் பிரிந்தன. 1967-ல் பாலத்தின் இரு பக்கமும் பாஸ்போர்ட் சோதனை வந்தது. அதுவரை அக்கரையில் அத்தை வீடு, இக்கரையில் அம்மா வீடு என்று இஷ்டம் போல் போய்வந்துகொண்டிருந்த குடும்பங்கள், அதன் பிறகு பாஸ்போர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. சிங்கப்பூர் நகரத்துக்குள்ளேயே தஞ்சோங் பகார் என்ற ஸ்டேஷனிலிருந்து மலேசிய ரயில் புறப்பட்டுக்கொண்டிருந்தது. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது, மலேசியா மாற்றவில்லை. அதனால் பிரயாணி முதலில் ஸ்டேஷனில், 'மலேசியாவுக்குள் வரலாம்' என்று அனுமதி வாங்குவார். ரயிலேறி உட்லண்ட்ஸ் வந்த பிறகு, 'சிங்கப்பூரை விட்டுப் போகலாம்' என்று அனுமதி வாங்குவார். நடுவிலே அவர் எந்த தேசத்தில் இருந்தார்? திரிசங்குவைத்தான் கேட்க வேண்டும்! 2011 ஜூன் 30-ல் அந்த ஸ்டேஷன் மூடப்பட்டது. கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தானே. பாலம் கட்டிய காலத்தில் ஜோகூரை ஆண்ட சுல்தானின் கொள்ளுப் பேரர் அவர்.

நாலு பேர், மூன்று ஜாதி

நாங்கள் போனது பஸ்ஸில். உட்லண்ட்ஸ் சாவடியில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். மாடிக்குப் போய்ச் சோதனை முடித்து, மறுபக்கம் கீழே இறங்கி, அதே கம்பெனியின் அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள், மறுபடி காட்டச் சொல்வார்கள். பாலம் தாண்டியதும் மறுபடி இறங்கி, மலேசியச் சாவடி. சிங்கப்பூர்ச் சாவடியை மட்டும் தினம் சராசரியாக மூன்று லட்சம் பேர் கடக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் தேர்த் திருவிழாக் கூட்டம்தான்.

எங்கள் நாலு பேர் கையிலும் ஒரே மாதிரி இந்தியப் பாஸ்போர்ட். ஆனால் சிங்கப்பூர் சர்க்காரின் கண்ணுக்கு நாங்கள் மூன்று ஜாதி.

நர்ஸ் அம்மாள் நிரந்தரவாசி. அங்கே பல வருஷம் வேலை பார்த்து அந்த அந்தஸ்தை வாங்கினவர். அவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வெளியே போனால் திரும்பி நுழைவதற்கென்று தனி அனுமதி கையில் இருக்க வேண்டும், அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவுதான் பலம்.

என் சிநேகிதி, கணவரைச் சார்ந்து வாழ அனுமதி பெற்றவள். கணவருடைய மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவி மக்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். (வெள்ளி என்றால் அங்கே டாலர்.) அவருக்கு வேலை போனால் அவர் அனுமதி ரத்தாகும், அதோடு மனைவிக்கும் குழந்தைக்கும் ரத்தாகும். பிறகு சாமான் கட்டுவதற்கு வழக்கமாக 30 நாள் கொடுப்பார்கள். குழந்தையின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை ஒப்பந்தம், பீரோ, கட்டில் எல்லாம் ஒருவருடைய உத்தியோகம் என்ற ஒரே ஆணியில் மாட்டியிருக்கின்றன.

தாயாரும் நானும் வெறும் விருந்தாளிகள்.

பாலம் தாண்டி மலேசியாவுக்குள் போனோமோ இல்லையோ, இந்த மூன்று ஜாதியும் ஒன்றாகிவிட்டது! அங்கே நாலு பேரும் இந்தியப் பிரஜைகள், அவ்வளவுதான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விஸா தேவையில்லை என்று மலேசியா அறிவித்தது. பிறகு 2026 கடைசி வரை அதை நீட்டித்தது. அதற்கு முன்பு, பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிற ஊருக்கு என் சிநேகிதி விஸாக் கட்டணம் கட்டிக் காத்திருந்தாளாம்.

விஸா வேறு, அனுமதி வேறு

கிளம்புவதற்கு முன் சிநேகிதி தாயாரின் விஸாவை எடுத்து ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்தாள். எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது? ஒரே முறை என்று இருந்தால், சென்னையிலிருந்து வந்து இறங்கிய அன்றே அது செலவாகிவிட்டது. அக்கரை போனால் போனதுதான், திரும்ப முடியாது! நல்ல வேளை, பலமுறை என்று இருந்தது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். விஸா என்பது வாசல் வரை வந்து கதவைத் தட்டுவதற்கு உத்தரவு. உள்ளே வந்து எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் சாவடியில் இருக்கும் உத்தியோகஸ்தர். விஸா இரண்டு வருஷத்துக்கு இருக்கிறதே என்று இரண்டு வருஷம் தங்க முடியாது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் தங்கும் நாள் புதிதாக நிர்ணயமாகிறது. சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. கடைசித் தேதி மின்னஞ்சலில் வருகிறது. அதைப் பார்க்காமல் விட்டு நாள் கடந்து தங்கினால் அபராதம், சிறை எல்லாம் உண்டு. 90 நாளுக்கு மேல் போனால் ஆண்களுக்குப் பிரம்படி கூடச் சட்டத்தில் இருக்கிறது.

கோயிலில் பழக்கமான ஒருத்தி தாயாருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தாளாம்: "அக்கரை போய் ஒரு காப்பி சாப்பிட்டுட்டுத் திரும்பி வாங்கோ மாமி, இன்னொரு முப்பது நாள் கிடைச்சுடும்." நர்ஸ் அம்மாள் இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிடைத்தாலும் கிடைக்கும். இதற்காகவே வருகிறீர்கள் என்று தோன்றினால் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். இன்னும் சில நாள் இருக்க வேண்டுமானால் நாள் முடிவதற்குள் இணையத்தில் விண்ணப்பம் போடுவதுதான் வழி அம்மா" என்றார்.

தாயாரை நீண்ட காலம் வைத்துக்கொள்ள வழியில்லையா என்று நான் கேட்டேன். இல்லை. மாதம் 12,000 வெள்ளி சம்பளம் வாங்குபவர் தன் பெற்றோரை அப்படி வைத்துக்கொள்ளலாம், மாமியாரை வைத்துக்கொள்ள முடியாது.

திறக்காத கதவு

கண்ணாடிக் கோயிலின் சுவர், தூண், விதானம் எல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். அம்மன் சன்னிதி விளக்கு ஆயிரம் விளக்காக மின்னியது. தாயார் பிரகாரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சிநேகிதி தாழ்ந்த குரலில் அந்தக் கதையைச் சொன்னாள்.

2021 மார்ச்சில் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று குழந்தையை அழைத்துக்கொண்டு அவள் கும்பகோணம் போனாள். இரண்டு வாரத்தில் திரும்புவதாக எண்ணம். ஏப்ரல் 23 இரவோடு, இந்தியாவிலிருந்து வரும் நீண்ட கால அனுமதிக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று சிங்கப்பூர் கதவைச் சாத்தியது. கொரோனா நம் ஊரில் தலைவிரித்தாடிய சமயம். பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் வரலாம். அவளைப் போன்றவர்கள் வரக் கூடாது. அக்டோபர் கடைசியில்தான் கதவு திறந்தது. தகப்பனார் மே மாதமே காலமாகிவிட்டார். கணவர் ஆறு மாதம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். குழந்தை தன் பள்ளிக்கூடத்தைப் பாட்டி வீட்டுத் திண்ணையிலிருந்து செல்போனில் பார்த்தது.

"அங்கே என் வீடு இருந்தது, என் புடவை பீரோவில் இருந்தது, துளசிச் செடி இருந்தது. சட்டத்துக்கு நான் மட்டும் அந்த ஊர்க்காரி இல்லை" என்றாள் சிநேகிதி. "அன்னிலேர்ந்து எந்த ஊருக்குக் கிளம்பினாலும், போறதைப் பத்தி யோசிக்கிறதில்லே. திரும்பி வர என்ன இருக்குன்னுதான் முதல்லே பார்க்கறேன்."

பாலமும் அப்படித்தான் கிடந்தது. 2020 மார்ச் 18-ல் மலேசியா எல்லையை மூடியது. பழையபடி எல்லோரும் தடையில்லாமல் போய்வர 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் குடும்பம் இருந்தும் இரண்டு வருஷம் பார்க்காதவர்கள் உண்டு.

திரும்பும் வழி

சாயங்காலம் திரும்பினோம். கிளம்புமுன்பே தாயாருக்கும் எனக்கும் சிங்கப்பூர் வருகைச் சீட்டை மறுபடி பூர்த்தி செய்தாகிவிட்டது; விருந்தாளிகள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் செய்ய வேண்டியது அது. சிநேகிதியும் நர்ஸ் அம்மாளும் தானியங்கிக் கதவில் நிமிஷத்தில் போய்விட்டார்கள். தாயாரை மட்டும் கவுண்டருக்கு அனுப்பினார்கள். துணைக்கு யாரும் நிற்கக் கூடாது. விமான டிக்கெட்டையும் பெண்ணின் விலாசத்தையும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் பெண் நின்றாள். பாஸ்போர்ட்டின் ஏடுகளை அந்த இளைஞர் நிதானமாகப் புரட்டினார்.

"ஊருக்கு எப்போம்மா போறீங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"இருபத்து மூணாம் தேதி. டிக்கெட் இருக்கு."

காமிராவைப் பார்க்கச் சொன்னார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும் சிநேகிதி செல்போனைத் திறந்து மின்னஞ்சலைப் பார்த்தாள். புதிதாக 30 நாள் போட்டிருந்தது.

"அம்மா! தீபாவளி தாண்டி இருக்கு. டிக்கெட்டை மாத்திடலாம்."

தாயார் யோசித்தாள். "அந்தப் பிள்ளைகிட்டே இருபத்து மூணுன்னு சொல்லிட்டேனே. சொன்னபடி போனாத்தான் அடுத்த தடவையும் நம்பி உள்ளே விடுவா" என்றாள். அன்றைக்கே விமானம் ஏறினாள். அந்த வருஷத் தீபாவளிக்குப் பெண்ணின் எண்ணெய்க் கிண்ணம் அங்கே, தாயின் எண்ணெய்க் கிண்ணம் இங்கே.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ வெளிநாட்டில் இருந்து, நீங்களும் போய்வரக் கூடியவராயிருந்தால், பக்கத்து தேசத்துக்கு ஒரு நாள் உல்லாசப் பிரயாணம் என்று யாராவது கூப்பிடும்போது சந்தோஷமாகப் போங்கள். அதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் ஆயுள் இருக்கிறதா? விஸாவில் பலமுறை என்று இருக்கிறதா? இரு பக்கத்து வருகைச் சீட்டும் பூர்த்தியாகிவிட்டதா? முத்திரை குத்தும் தேசமானால் முத்திரை விழுந்ததா, தேதி சரியாக இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுபவை. போன வருஷம் போய்வந்த பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது இந்த வருஷத்துக்குப் பொருந்தாது. கிளம்புகிற வாரத்தில் அந்தந்த சர்க்காரின் இணையதளத்தில் பெண்ணையோ பிள்ளையையோ பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஜோகூர் பாருக் கடைத்தெருவில் பேத்திக்கு முறுக்கு வாங்கலாம், மல்லிகைச் சரம் வாங்கலாம். சூயிங்கம் மட்டும் வேண்டாம். 1992 முதல் சிங்கப்பூருக்குள் அதற்கு விஸா கிடையாது!