மாட்டுக்கும் ஒரு பரம்பரைப் புத்தகம்

எபினே-சூர்-செய்னில் குடியிருக்கும் எம்மவருக்குப் பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் மாடிக் குடியிருப்பு, விடியப் புறத்தில் வேலைக்குப் போகும் ரயில், சனிக்கிழமை லாச்சப்பல் கடைத்தெரு, இவ்வளவுதான். இந்த நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி விவசாயக் காணி என்பது பத்து வருடம் இருந்தவர்களுக்கே தெரிவதில்லை. அந்தப் பிரான்சைப் பார்க்கத் தூர இடம் போகவேண்டும் என்றுமில்லை. மாசி கடைசியில் ஒன்பது நாள், போர்த் து வெர்சாய் மண்டபங்களில் நடக்கும் விவசாயக் கண்காட்சிக்கு நாட்டின் நாலாபக்கத்து விவசாயிகளும் வருவார்கள். 1870இல் தொடங்கிய விவசாயப் போட்டியின் வழிவந்தது இது. இப்போதைய பெயரில் 1964 முதல் நடக்கிறது.

2024ஆம் ஆண்டு மாசி 25, ஞாயிற்றுக்கிழமை நாம் நான்கு குடும்பமாகப் புறப்பட்டோம். முதல்நாள் திறப்பு விழாவில் விவசாயிகள் கொதித்தெழுந்து, ஜனாதிபதி மக்ரோனைக் கூச்சலிட்டு வரவேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தபடியால், பிள்ளைகளோடு போகலாமா என்று சிலர் தயங்கினார்கள். போய்ப் பார்த்தால் தள்ளுவண்டிகளோடு வந்த தாய்மாரின் கூட்டம்தான் அதிகம்.

வழி சுலபம். எபினே-வில்தனூஸ் நிலையத்தில் 'ஆஷ்' ரயில் ஏறினால் கார் து நோர். அங்கிருந்து லாச்சப்பலுக்கு நடை. ரோல்சும் வடையும் கட்டிக்கொண்டு, மாணிக்க விநாயகர் கோயிலடியால் மாக்ஸ் டோர்முவா மெத்ரோவுக்குப் போனால், 12ஆம் இலக்க மெத்ரோ எங்கும் மாறாமல் கண்காட்சி வாசலில் இறக்கிவிடும்.

முதலாம் மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் மூக்குக்குத்தான் முதல் வரவேற்பு. வைக்கோலும் சாணமும் கலந்த அந்த மணத்தை இழுத்து மூச்சுவிட்ட எங்கள் மூத்தவர் ஒருவர், "பட்டியடிக்கு வந்திட்டம்" என்றார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்த வருடக் கண்காட்சியின் முகமாகத் தெரிவு செய்யப்பட்டது ஒரெய்யெத் என்னும் நோர்மண்ட் இனப் பசு. வெள்ளை உடம்பில் கபிலப் புள்ளிகள், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல ஒரு வளையம். அதைப் படம் எடுக்க இடிபட்ட கூட்டத்தைப் பார்த்தால் சினிமா நடிகை தோற்றுப்போவாள்.

நாம் அதிக நேரம் நின்றது வேறொரு கொட்டிலில். ஒரு வயோதிபரும் அவருடைய பேத்தியும் தங்கள் நோர்மண்ட் பசுவைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் கேட்கக் கேட்க அந்தப் பெண் சலிக்காமல் சொன்னாள். மாட்டின் இரண்டு காதிலும் தொங்கும் தகட்டில் நாட்டின் எழுத்தும் பத்து இலக்கங்களும் இருக்கும். கடைசி நாலு இலக்கம் மட்டும் பெரிதாக. கன்று பிறந்து இருபது நாளுக்குள் தகடு குத்தவேண்டும். அதோடு ஒரு கடவுச்சீட்டு; தாயின் இலக்கம், பிறந்த திகதி, பிறந்த பண்ணை எல்லாம் பதிவில் இருக்கும். அந்தக் கடதாசி இல்லாமல் மாடு பண்ணையை விட்டு நகரக்கூடாது. "மாட்டுக்கும் விசாப் பிரச்சினையோ?" என்று எம்மில் ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்தோம். ஒப்ப்ராவுக்கும் பிரிபெக்ச்சருக்கும் அலைந்தவர்களுடைய சிரிப்பு அது.

இன்னொரு வழக்கம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதிவு பெற்ற மாட்டுக்குப் பெயர் வைக்கும்போது, பிறந்த வருடத்துக்குரிய எழுத்தில் தொடங்கவேண்டும். 2018 'ஓ' எழுத்து. ஆகவே ஒரெய்யெத்துக்கு அப்போது ஆறு வயது. 2024 'வே', 2025இல் மறுபடி 'ஆ'. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்ட எங்கள் சிறுவர்கள் ஒவ்வொரு கொட்டிலாக ஓடிப் பெயர்ப்பலகையைப் பார்த்து வயது சொல்லத் தொடங்கினார்கள்.

பதிவு என்று இங்கே சொல்வது காதுத் தகட்டோடு முடிவதல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பரம்பரைப் புத்தகம் உண்டு. சரோலே இனத்துக்கு 1864இலும், நோர்மண்டுக்கு 1883இலும், லிமூசினுக்கு 1886இலும் அது தொடங்கியது. தாய், தகப்பன், பாட்டி, பூட்டி என்று பின்னோக்கிப் போகலாம். மாட்டோடு சேர்ந்து அதை வளர்த்த குடும்பத்தின் பெயரும் அதில் பதிந்துவிடுகிறது.

'அங்கஸ்' என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் பேர்கர் கடைப் பலகையில்தான் படித்திருக்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளுக்கும் அதன் கதை கேட்கத் தகுந்தது. அது ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில் வளர்ந்த, கொம்பில்லாத கறுப்பு மாடு. கீலர் என்னும் இடத்தில் ஹியூ வொட்சன் என்ற விவசாயி 1808 முதல் நல்ல மாடுகளைத் தெரிந்து வளர்த்தார். அவருடைய தகப்பனும் பாட்டனும் மாடு வளர்த்தவர்களே. பின்பு இந்த இனத்துக்கு ஒரு புத்தகம் வேண்டுமென்று பல வருடமாக வீடுவீடாக விபரம் திரட்டினார்கள். 1851இல் எடின்பரோவில் அந்தக் கடதாசிகள் வைத்திருந்த இடம் தீப்பிடித்து, திரட்டியதெல்லாம் சாம்பலானது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை அறிந்த எமக்கு இந்த இடத்தில் ஒரு கணம் நிற்கத் தோன்றுகிறது. அங்கே எரித்தவர் எவருமில்லை, விபத்துத்தான். அது பெரிய வித்தியாசம். ஆனால் விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கி, இருந்தவர்களின் நினைவையும் வீட்டுக் குறிப்புகளையும் கேட்டெழுதி, 1862இல் முதற் புத்தகத்தை வெளியிட்டுவிட்டார்கள். அதில் காளைகளில் முதலாம் இலக்கம் வொட்சனின் 'ஓல்ட் ஜொக்'. அவரிடமிருந்த 'ஓல்ட் கிரானி' என்ற பசு முப்பத்தைந்து வருடம் இருந்து இருபத்தொன்பது கன்று ஈன்றதாகச் சொல்வார்கள்.

ஸ்பே ஆற்றங்கரையில் பலின்டலொக் என்ற இடத்தில் மக்ஃபெர்சன்-கிரான்ட் குடும்பம் 1860இல் அங்கஸ் மந்தையைத் தொடங்கியது. இடையறாது தொடரும் மிகப் பழைய அங்கஸ் மந்தை அதுவே என்பார்கள். 1861இல் வாங்கிய 'எரிகா' என்ற பசுவின் வழிவந்தவை இன்றுவரை எரிகா குடும்பம் என்றே அழைக்கப்படுகின்றன. தாய்வழியாகக் குடி சொல்லும் மட்டக்களப்பாருக்கு இது புதினமாக இராது. பரிசுக்கும் இந்தக் கறுப்பு மாட்டுக்கும் பழைய உறவுண்டு: 1878ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியில் வில்லியம் மக்கொம்பி என்பவரின் அங்கஸ் கூட்டம் இங்கே வந்து பெரும்பரிசுகளைத் தட்டிக்கொண்டு போனது.

தமிழருக்குள்ளும் இப்படி மாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் குடும்பங்கள் உண்டு. காங்கேயம் மாடு என்றால் பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டைச் சொல்லாமல் முடியாது. எங்கள் ஊர்களில் புத்தகம் இல்லை, குறிசுடுதல் இருந்தது. மாட்டின் உடம்பிலிருந்த எழுத்தைப் பார்த்து எந்த ஊர், எந்த வீடு என்று சொல்லிவிடுவார்கள். குறியும் விற்பனைச் சீட்டும் 1958ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் எழுதப்பட்டவை. ஆனால் இன்ன நாகு இன்ன பசுவின் பேத்தி என்பது வீட்டு அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு ஓடியபோது கயிற்றை அவிழ்த்து மாட்டைத் துரத்திவிட்டு வந்தவர்கள் எபினேயிலும் இருக்கிறார்கள். அன்று மாடு மட்டுமா போனது?

"பட்டியடி" என்ற மூத்தவர் அந்த வயோதிபரோடு கைபாஷையில் வெகுநேரம் கதைத்தார். நாங்கள் மொழிபெயர்த்தோம்.

"எத்தனை தலைமுறை ஐயா?"

"நான் நாலாவது. இவளுடைய தகப்பன் பட்டணத்தில் வேலை. இவள்தான் வருவாள் போல."

'போல' என்றுதான் அவர் சொன்னார். பேத்தி பதில் பேசாமல் மாட்டின் வாலைச் சீவிக்கொண்டிருந்தாள். 2010இல் பிரான்சின் பெருநிலத்தில் ஏறத்தாழ 490,000 பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் அது 390,000. பண்ணை நடத்துபவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியோ தொட்டோ நிற்பவர்கள். தகப்பனும் பிள்ளையும் பங்காளிகளாகச் சேர்ந்து பண்ணை நடத்த 1962ஆம் ஆண்டே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது பலருக்கு உதவியது. ஆனால் பிள்ளைக்கு மனமில்லையென்றால் சட்டம் என்ன செய்யும்? மண்ணை விட்டு வரவேண்டியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்ற எண்ணம் எங்களுக்கு உண்டு. அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்த பின் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

திரும்பி வந்த வாரம் எங்கள் மூத்தவர் பிள்ளைகளின் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கி, தன் வீட்டு மாடுகளை எழுதத் தொடங்கினார். கறுப்பி, அவள் ஈன்ற வெள்ளைச்சி, வெள்ளைச்சியின் நாம்பனை வாங்கிய வீடு, அந்த வீட்டுக்காரர் இப்போது இருக்கும் நாடு. மூன்றாம் பக்கத்திலேயே மாட்டை விட மனிதர் அதிகமாகிவிட்டார்கள். கனடாவுக்கு ரெலிபோன் எடுத்து, "எங்கட சிவப்பி ஆற்றை பட்டியிலயிருந்து வந்தது?" என்று கேட்கிறார். மறுமுனையில் அக்காவுக்கு எல்லாம் ஞாபகமாம். பேரப்பிள்ளைகள் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்திலும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

கண்காட்சிக் கூட்டம் ஒத்துவராதவர்களுக்கு ரம்பூயே நல்லது. மொன்பர்னாஸிலிருந்து 'என்' ரயில். பதினாறாம் லூயி மன்னன் 1786இல் ஸ்பெயினிலிருந்து வரவழைத்த மெரினோ ஆடுகளின் சந்ததி, வெளி ஆடு கலக்காமல் அங்கே வளர்கிறது. நிலையத்திலிருந்து ஆட்டுப்பண்ணைக்குச் சிறு பிள்ளைகளோடு நடப்பது கொஞ்சம் தூரம்தான். வெயில் நாளாகப் பார்த்து, தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு போங்கள். திறக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.